காமிக்ஸ் வாங்குவதை வாசிப்பின் வேகத்துக்கு மாற்றிக்கொள்வது எப்படி?

மாதந்தோறும் வாங்கி அடுக்கிய தொடர்களிலிருந்து ஏதாவது ஒரு இதழை உருவுங்கள். திறக்காமல், அட்டையை மட்டும் பார்த்து, இதற்கு முந்தைய இதழ் எங்கே முடிந்தது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்தத் தொடரை உங்களுக்கு ஏற்ற வடிவத்தில்தான் வாங்குகிறீர்கள். முடியாவிட்டால் கதை மோசம் என்றோ நினைவு மழுங்கிவிட்டது என்றோ பொருளில்லை. இருபது பக்கத்தைக் கால் மணி நேரத்தில் படித்துவிட்டு அடுத்த இருபது பக்கத்துக்கு ஒரு மாதம் காத்திருக்கும் முறை உங்களுக்கு இனி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இளவயதில் நான் ஓர் இதழை மனப்பாடமாகும்வரை படித்தவன். கையில் வேறு எதுவும் இல்லாததால் விளம்பரங்கள்கூட மனப்பாடம். சம்பாதிக்கத் தொடங்கியதும் பல தொடர்களை ஒரே சமயத்தில் வாங்கும் வசதி வந்தது; ஒன்றையே திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கம் போனது. வாங்குவது பதிப்பகத்தின் நாட்காட்டிப்படி நடந்தது, படிப்பதோ எனக்கு ஓய்வு கிடைத்தபடி நடந்தது. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளி முழுவதும் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளாக இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்க நான் கைக்கொண்ட வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சேகரிப்பதே இன்பம் என்பவர்களுக்கு இதில் பாதி உதவாது. அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

இதழா, தொகுப்பா?

முதலில் சொன்ன சோதனையை வாங்கும் தொடர் ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள். தேறியவை இதழாகவே வரட்டும். தேறாதவற்றைக் கைவிட வேண்டாம். தொகுப்பு வந்ததும் படிக்கலாம் என்று தள்ளிவையுங்கள். வழக்கமான அமெரிக்க மாத இதழில் கதைக்கு 20 முதல் 22 பக்கங்கள் கிடைக்கும். ஐந்தாறு இதழ்கள் சேர்ந்து 120 முதல் 150 பக்கத் தொகுப்பாக வெளிவரும். கடைசி இதழ் வந்து சில மாதங்களுக்குள் தொகுப்பும் வந்துவிடுவதால் காத்திருப்பு அவ்வளவு கொடுமையானதல்ல.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கதை எந்தக் காலத்தில் எழுதப்பட்டதோ, அந்தக் காலத்து வாசகர் எப்படிப் படித்தாரோ, அப்படிப் படித்தால்தான் அது ருசிக்கும். 2000-க்குப் பிறகு எழுதப்பட்ட தொடர்களில் பெரும்பாலானவை தொகுப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஒரே சண்டை இரண்டு இதழ்களுக்கு நீளும். ஓர் இதழ் முழுக்க இருவர் நடந்தபடி பேசிக்கொண்டே இருப்பார்கள். மாத இதழாகப் படிக்கும்போது "இதற்காகவா காத்திருந்தேன்?" என்று எரிச்சல் வரும். தொகுப்பில் அதே பகுதி கதையின் மூச்சுவிடும் இடமாகத் தெரியும்.

1960-களின் கதைகள் நேர் எதிர். அன்றைய வாசகருக்கு அடுத்த இதழ் கடையில் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. போன இதழைப் படித்திருப்பார் என்று எழுத்தாளராலும் நம்ப முடியாது. எனவே நாயகனுக்குச் சக்தி எப்படி வந்தது, வில்லனுக்கு என்ன பகை, போன மாதம் என்ன நடந்தது என்பதையெல்லாம் ஒவ்வொரு இதழிலும் யாராவது ஒருவர் உரக்கச் சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட நாற்பது இதழ்களை ஒரே கனத்த புத்தகமாக வாங்கி, விடுமுறையில் ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று உட்காருகிறவர்கள் ஐந்தாவது இதழில் களைத்துப்போகிறார்கள். பிறகு பழைய காமிக்ஸ் சலிப்பூட்டுகிறது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இரவுக்கு ஓர் இதழ் போதும். அதற்கு மேல் ஆசை வந்தாலும் மூடிவைத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கதைக்கு அதுதான் சரியான அளவு.

ஒரே கதை பல வடிவங்களில் கிடைக்கும்போது, எது மலிவு என்பதைவிட எப்படிப் படிக்கப்போகிறேன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதுவே 1300 பக்கங்களைத் தாண்டிய ஒற்றைத் தொகுதியாகவும் கிடைக்கிறது. வண்ணம் தீட்டிய ஒன்பது தனித் தொகுதிகளாகவும் கிடைக்கிறது. நான் ஒற்றைத் தொகுதிக்காரன். ஆனால் படுத்துக்கொண்டு படிக்கிறவருக்கும் குழந்தைக்கு வாங்குகிறவருக்கும் ஒன்பது தொகுதிகளைத்தான் சொல்வேன். மார்பின் மேல் 1300 பக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் தூங்கிவிடக் கூடாது.

முன்பதிவுப் பட்டியலை இளைக்கவைத்தல்

இதழாகவே வாங்குவது என்று முடிவுசெய்தவற்றை முன்பதிவு செய்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்கென்று ஒரு தனி விற்பனை முறை உருவானது. நாளிதழ்க் கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பலாம். காமிக்ஸ் கடைகளோ அதிகத் தள்ளுபடி பெற்றுக்கொண்டு, திருப்பி அனுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்தன. விற்காத பிரதி கடைக்காரரின் நஷ்டம். அதனால் அவர் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பிரதிகளைத் தருவிப்பார். அந்தக் கணக்கை வைத்தே பதிப்பகம் தொடரின் ஆயுளை முடிவுசெய்யும். பிரபலமான நாயகர்களுக்கு உங்கள் ஒரு பிரதி பொருட்டல்ல. சிறிய பதிப்பகத்தின் புதுத் தொடருக்கு அது மிகவும் பொருட்டு. எனவே என் விதி இது: பெரிய நாயகர்கள் தொகுப்பாக வரட்டும், சிறிய தொடர்களுக்கு மட்டும் இதழ் முன்பதிவு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முன்பதிவின்போது தொடரின் பெயரோடு பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே விநியோகஸ்தரின் பட்டியலில் எல்லாம் கிடைத்த காலம் போய்விட்டது. பெரிய பதிப்பகங்களான டிசி 2020-இலும் மார்வெல் 2021-இலும் வேறு விநியோகஸ்தர்களுக்கு மாறின. பல ஆண்டுகள் சந்தையை ஆண்ட டயமண்ட் விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. இப்போது கடைக்காரர் பல பட்டியல்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான இதழ்களுக்கு எண்ணிக்கையை மாற்றும் கடைசிக் கெடு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். நிறுத்த நினைத்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை. தருவித்த பிறகு வாங்காமல் போனால் அந்தப் பிரதி அவர் தலையில்தான் விழும்.

எதை நிறுத்துவது? நாயகனைப் பார்க்காதீர்கள், எழுத்தாளர், ஓவியர் பெயர்களைப் பாருங்கள். என் பழக்கத்தில் நேர்ந்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். ஒரு நாயகனின் கதையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியவர் கையில் கொடுக்கிறார்கள். அட்டையில் முகமூடி அதேதான், உள்ளே பேச்சும் நடையும் வேறு. நாயகனுக்காக வாங்குகிறவர் சுமாரான ஆண்டுகளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். எழுத்தாளரைப் பின்தொடர்ந்தால் அவர் விலகும்போது நீங்களும் விலகிவிடலாம், குற்ற உணர்வும் இருக்காது. பெயர் தெரியாத பழைய தொடர்களுக்கும் அவர் வழியாகவே போய்ச் சேருவீர்கள்.

பல தொடர்களை இழுத்துப் பிணைக்கும் பெருநிகழ்வுக் கதைகள் வரும்போது மையத் தொடரை மட்டும் படியுங்கள், அதையும் தொகுப்பாக. நீங்கள் ஏற்கெனவே படிக்கும் தொடர் அதற்குள் இழுக்கப்பட்டால் அந்த இரண்டு மூன்று இதழ்களைப் பொறுத்துக்கொள்ளலாம். பெருநிகழ்வுக்காகப் புதிதாக ஒரு தொடரைத் தொடங்க வேண்டாம்.

மாற்று அட்டைகள்

ஒரே இதழ் வெவ்வேறு அட்டைப்படங்களோடும் வருவதுண்டு. அட்டை பிடித்திருந்தால் வாங்குங்கள். விலை ஏறும் என்று வாங்காதீர்கள். 1991-இல் 'எக்ஸ்-மென்' புதுத் தொடரின் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்தது. கடைகள் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தருவித்தன. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழ் கறுப்பு உறையில் வந்தது. உறையைப் பிரிக்காமலே பத்திரப்படுத்தியவர்கள் ஏராளம். பழைய இதழ்கள் அரிதானதற்குக் காரணம் அவற்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பது. எல்லோரும் பத்திரப்படுத்திய ஒன்று எப்படி அரிதாகும்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஊதிய அந்தக் குமிழி உடைந்தபோது எத்தனையோ கடைகள் மூடின. 1996 இறுதியில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. இன்று 25 சாதாரணப் பிரதிகளை வாங்கும் கடைக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் சிறப்பு அட்டைகளும் அதே ஆசையைத்தான் கிளறுகின்றன. உள்ளே இருக்கும் இருபது பக்கங்களில் ஒரு கோடுகூட மாறுவதில்லை.

2000 முதல் தரமதிப்பீடு செய்து கனத்த பிளாஸ்டிக்கில் இதழை அடைத்துத்தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. விலைமதிப்புள்ள இதழை விற்கப்போகிறவருக்கு அது பயன்படும். படிக்க விரும்புகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

திரையில் படிப்பது

கண்ணாடியின் எண் ஏறிய பிறகுதான் நான் டேப்லெட் பக்கம் வந்தேன். பேச்சுப் பலூன்களுக்குள் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் கருவி வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். அமெரிக்க இதழின் பக்கம் அகலம் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல், உயரம் பத்தேகால் அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 12 அங்குலம். ஆகவே பத்து அங்குலத் திரையில் பக்கம் சற்றுச் சுருங்கித்தான் தெரியும். பதின்மூன்று அங்குலத்தை நெருங்கும் திரையில் அச்சின் அளவு கிடைக்கும். ஜப்பானிய காமிக்ஸான மங்காவின் தொகுதிப் பக்கம் மூலைக்கு மூலை ஒன்பது அங்குலம்தான், அதற்குப் பத்து அங்குலத் திரை தாராளம். ஐரோப்பிய ஆல்பங்கள் இவை எல்லாவற்றையும்விடப் பெரியவை. 'டின்டின்' போன்றவற்றின் பின்னணிக் கட்டடங்களையும் கப்பல்களையும் சிறிய திரையில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். அவற்றை நான் அச்சில் மட்டுமே வாங்குகிறேன்.

கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைக் கைப்பேசியில் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். முதல் வாசிப்புக்கு வேண்டாம். பக்கத்தை ஒரே பார்வையில் பார்க்கும்படிதான் ஓவியர் அமைக்கிறார். 'வாட்ச்மென்' கதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், இரண்டாம் பக்கமும் கடைசிக்கு முந்தைய பக்கமும் என்று கண்ணாடியில் பார்ப்பது போலக் கட்டங்கள் எதிரொலித்துக்கொண்டே நடுப்பக்கத்தில் வந்து சந்திக்கும். கட்டம் கட்டமாகப் படித்தவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

திரையில் வாங்கியது பெரும்பாலும் உங்களுடையது அல்ல. அது வாடகை வீட்டுச் சாவி. 2007-இல் தொடங்கிய காமிக்ஸாலஜி என்ற மின்-காமிக்ஸ் கடையை அமேசான் 2014-இல் வாங்கியது. 2023 டிசம்பரில் அதன் தனிச் செயலியை நிறுத்தி, எல்லாவற்றையும் கிண்டிலோடு சேர்த்துவிட்டது. வாங்கியவை அழியவில்லை, ஆனால் அடுக்கிய முறையும் தேடும் முறையும் மாறிப்போயின. ஆகவே மறுபடி மறுபடி படிக்கப்போவதை அச்சிலோ, பூட்டு இல்லாத கோப்பாகவோ வாங்குங்கள். சிபிஇசட் என்று முடியும் கோப்பு ரகசியமான ஒன்றல்ல. பக்கங்களைப் படங்களாக வரிசையாக வைத்துக் கட்டிய சாதாரண ஜிப் கோப்புதான். எந்தக் காலத்திலும் எந்தக் கருவியிலும் திறந்துவிடலாம். ஒருமுறை மட்டும் படிக்கப்போவதற்குச் சந்தா போதும். மார்வெலின் சந்தாச் சேவையில் அச்சில் வந்த இதழ் சுமார் மூன்று மாதத்தில் சேர்ந்துவிடுகிறது. டிசிக்கும் இப்படி ஒரு சேவை உண்டு.

சந்தாவை ஆண்டு முழுக்க ஓடவிடாதீர்கள். படிக்க வேண்டிய தொடர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டே வாருங்கள். பட்டியல் நீண்டதும் ஒரு மாதச் சந்தா, ஒரே தொடர்வாசிப்பு, பிறகு நிறுத்தம். "அங்கே எல்லாம் இருக்கிறது" என்ற நினைப்பே படிக்காமல் தள்ளிப்போட வைக்கும். மாதம் முடியப்போகிறது என்றால் கை தானாகப் பக்கத்தைத் திருப்பும். உங்கள் பொது நூலகம் மின்நூல் இரவல் தருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல நூலகச் செயலிகளில் காமிக்ஸும் இருக்கிறது.

மங்காவுக்குத் தாமதமாக வருகிறவர்களுக்கு

என்னை மங்காவுக்கு இழுத்தவள் தங்கை மகள். முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் மாமா, கட்டங்களையும் வலமிருந்து இடமாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓர் அத்தியாயத்தில் கண் பழகிவிடும். பழகாதது வேகம். மங்காவில் சொல் குறைவு. ஒரு பக்கத்தில் இருக்கும் எழுத்தையெல்லாம் படித்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது நமக்குப் பழகிய வேகம், அந்த வேகத்தில் போனால் இருநூறு பக்கத் தொகுதி அரைமணியில் தீர்ந்துவிடும். சொல்லே இல்லாத பக்கங்களில் வேண்டுமென்றே நில்லுங்கள்.

வாங்கும்போது முடிந்த தொடர்களிலிருந்து தொடங்குங்கள். 'டெத் நோட்' 12 தொகுதிகள், 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27. எவ்வளவு இடம், எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே தெரியும். 1997-இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டியும் முடியாத 'ஒன் பீஸ்' போன்றவற்றை அலமாரியில் வைக்க நினைத்தால் முதலில் அலமாரியை அளந்துவிடுங்கள். ஷோனென் ஜம்ப் என்ற மங்காச் சேவையின் சந்தாவில் புது அத்தியாயங்கள் ஜப்பானில் வெளியாகும் அதே வாரத்தில் கிடைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களுக்கு அது போதும். அப்படிப் படித்ததில் திரும்பப் படிக்கத் தோன்றிய தொகுதிகளை மட்டும் அச்சில் வாங்குகிறேன். தொகுதி எண்கள் விட்டு விட்டு நிற்பது என் மனைவியை உறுத்துகிறது. என்னை உறுத்தவில்லை.

அலமாரி, பெட்டி, கனம்

ஓம்னிபஸ் எனப்படும் பெருந்தொகுப்பு வாங்கும் முன் புத்தகத்தை நடுவில் திறந்து கட்டுமானத்தைப் பாருங்கள். நூலால் தைத்தது தட்டையாக விரியும்; வெறும் பசையால் ஒட்டியதில் இரட்டைப் பக்க ஓவியத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். அச்சு தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வாங்க வேண்டாம். நன்றாக விற்பது மறுபதிப்புக்கு வரும். இன்னும் பிரிக்காத உறையோடு அலமாரியில் ஓம்னிபஸ் ஏதாவது நின்றுகொண்டிருந்தால் அடுத்ததை வாங்குவதில்லை என்பது என் வீட்டுச் சட்டம்.

பழைய இதழ்களின் மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் மிகுதி. ஒளியும் வெப்பமும் பட்டால் அது மஞ்சளாகி நொறுங்கும். அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து உறையில் போட்டு, இருட்டான உலர்ந்த இடத்தில் நிற்கவைத்துப் பாதுகாக்க வேண்டும். சாதாரணத் தொடர்களுக்குப் பாலிபுரோப்பிலீன் உறை போதும். அது நெளியவோ மங்கவோ தொடங்கினால் மாற்றுங்கள். மிகவும் நேசிக்கும் சிலவற்றுக்கு மட்டும் மைலார் எனப்படும் உறுதியான பாலியஸ்டர் உறை. உறையின் மடிப்பை நாடாவால் ஒட்டினால், இதழை வெளியே எடுக்கும் முன் நாடாவை முழுதாக அகற்றிவிடுங்கள். அட்டைகள் கிழிவது பெரும்பாலும் அந்த நாடாவில் ஒட்டிக்கொண்டுதான். பெட்டியில் குட்டையானதே நல்லது. நீளப் பெட்டி இருநூறு இதழுக்கு மேல் கொள்ளும், ஆனால் நிரம்பிய பிறகு அதை நகர்த்தவே அஞ்சுவீர்கள். நகர்த்தாத பெட்டியிலிருந்து யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

தொகுப்பாக வாங்கிவிட்டவற்றின் இதழ்களை வெளியே அனுப்புங்கள். அனுப்பும் முன் கடிதப் பக்கங்களையும் பின்னிணைப்புச் சிறுகதைகளையும் புரட்டுங்கள்; அவை பல தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. அவற்றுக்காகவே சில இதழ்களை நான் வைத்துக்கொண்டேன். விற்பதானால் உதிரியாக விற்காமல் ஒரு கதைப்பகுதி முழுவதையும் ஒரே கட்டாகக் கொடுங்கள். நடுவில் எந்த எண் இல்லை என்பதை மேலேயே எழுதிவிடுங்கள். 1990-களின் தொடக்கத்து இதழ்களுக்குப் பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். அவற்றைப் பள்ளி நூலகத்துக்கோ தெரிந்த குழந்தைகளுக்கோ கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் உள்ளே பார்த்துவிட்டுக் கொடுங்கள். அட்டையில் நாயகன் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து இதழ்கள் பலவற்றில் பதினேழாம் பக்கத்துக்குள் யாராவது ஒருவர் குடல் சரிந்து கிடப்பார்.